பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க நாட்டுப்புறப் பெண்: குடும்ப வரலாற்றைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சி ஹாங்க்ஸ் 1818 அக்டோபர் 5ஆம் நாள் இண்டியானாவின் காட்டுப்புறக் குடியிருப்பு ஒன்றில் இறந்தார். அவர் வாழ்ந்த காலத்து ஆவணங்களில் அவருடைய பெயர் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் காணப்படுகிறது. மகன் குடியரசுத் தலைவரான பிறகும், நான்சியின் பெற்றோர் யார், அவர் எங்கே மணம் முடித்தார் என்பதைப் பற்றி ஆய்வாளர்கள் பல தலைமுறைகள் வழக்காடினார்கள். நாட்டிலேயே மிகுதியாக ஆராயப்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத ஓர் உழவர் வீட்டுப் பெண்ணைத் தேடுபவர் சோர்ந்துபோவதில் வியப்பில்லை. கீழ்வரும் விடைகளில் வேண்டிய இடங்களில் நான்சியின் கதையையே எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறோம்.

கணவரைப் பற்றிப் பல ஆவணங்கள் கிடைக்கின்றன. அதே வீட்டில் வாழ்ந்த மனைவியைப் பற்றி ஒன்றும் கிடைப்பதில்லை. ஏன்?

முதற்காரணம் சட்டம். இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்ட மரபின்படி, மணமான பெண்ணுக்குக் கணவரிடமிருந்து தனித்த சட்ட ஆளுமை கிடையாது. அவர் தம் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ, வழக்குத் தொடுக்கவோ, கணவரின் இசைவின்றி உயில் எழுதவோ பொதுவாக இயலாது. அவர் கொண்டுவந்த அசையும் பொருளும் உழைத்துப் பெற்ற கூலியும் கணவருக்கே உரியவை. 1839இல் மிசிசிப்பியும் 1848இல் நியூயார்க்கும் மணமான பெண்களின் சொத்துரிமை குறித்துச் சட்டம் இயற்றின. பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. ஆவணங்கள் எல்லாம் வரி, நிலம், வாக்கு, படைச்சேவை, கடன் ஆகியவற்றை ஒட்டிப் பிறப்பவை என்பதால், இவற்றிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர் ஏடுகளிலிருந்தும் விலகிப்போனார்.

இரண்டாவது காரணம், பிறப்பையும் இறப்பையும் அரசு பதிவு செய்யும் வழக்கம் அங்கே காலந்தாழ்ந்து வந்தது. மாசசூசெட்ஸ் 1841இலேயே மாநில அளவில் பதிவைத் தொடங்கிவிட்டது. இண்டியானாவின் கவுண்டிகள் 1882இல்தான் தொடங்கின. ஜார்ஜியாவில் 1919 வரை காத்திருக்க வேண்டும். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சிப் பிரிவு. நாட்டுப்புற அமெரிக்காவின் காகிதங்களில் பெரும்பகுதி அங்குள்ள நீதிமன்றக் கட்டடத்தில்தான் சேர்ந்திருக்கிறது.

இவற்றோடு திருமணத்தில் குடும்பப்பெயர் மாறுவதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நேரே போகும் வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். தந்தை, கணவர், அண்ணன் தம்பிகள், அக்கம்பக்கத்தார், பிள்ளைகள் என்று அவரைச் சூழ்ந்திருந்தவர்களின் காகிதங்களைத் துருவினால்தான் அவர் தென்படுவார். இப்பக்கத்தின் எல்லா விடைகளும் ஏதோ ஒரு வகையில் இந்த ஒரே கருத்தைத்தான் சொல்கின்றன.

தேடலை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

அவருடைய பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். 1860இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பிறப்புச் சான்று இல்லாவிட்டாலும், அவருடைய மகன் 1930களில் இறந்திருந்தால் அந்த மகனின் இறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்தகக் குடும்பப்பெயரைக் கேட்கும் கட்டம் இருக்கும். பிள்ளைகள் பலர் என்றால் ஒவ்வொருவரின் சான்றிதழையும் பாருங்கள். தகவல் கொடுத்தவர் மருமகனாகவோ அண்டை வீட்டாராகவோ இருந்திருக்கலாம் என்பதால், ஒன்றில் தவறாகவோ வெறுமையாகவோ இருப்பது இன்னொன்றில் சரியாக இருக்கும். 1936இல் தொடங்கிய சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் விண்ணப்பப் படிவம் இதைவிட நம்பகமானது. அதை நிரப்பியவர் பிள்ளையே. தாயின் பிறந்தகப் பெயரைத் தம் நினைவிலிருந்து அவரே எழுதியிருப்பார்.

வீட்டில் பழைய குடும்ப வேதாகமம் இருந்தால், பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை எழுதிவைக்கும் பக்கங்களைப் பாருங்கள். அந்த வேதாகமம் அச்சான ஆண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1870இல் அச்சான நூலில் 1820ஆம் ஆண்டின் பிறப்பு எழுதப்பட்டிருந்தால், அது நிகழ்ந்தபோது எழுதியதன்று, பின்னாளில் நினைவிலிருந்து எழுதியது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம்?

இது எந்தப் பத்தாண்டு என்பதைப் பொறுத்தது. 1790 முதல் 1840 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றவர்கள் வயதுவாரியாகவும் பால்வாரியாகவும் வெறும் எண்ணிக்கைகள். நான்சி ஹாங்க்ஸ் 1806இல் மணந்து 1818இல் இறந்ததால், அவருடைய மணவாழ்க்கையில் நிகழ்ந்த ஒரே கணக்கெடுப்பு 1810ஆம் ஆண்டினது; அதில் அவர் கணவர் பெயருக்கு எதிரே ஒரு கட்டத்தில் விழுந்த ஓர் எண்ணிக்கையாக மட்டுமே இருக்க முடியும். கைம்பெண் ஒருவர் தாமே குடும்பத்தை நடத்தினால் மட்டும் இந்தப் பழைய ஏடுகளில் பெயர் பெறுவார். ஆகையால் ஓர் ஆணின் பெயர் இருந்த இடத்தில் பத்தாண்டு கழித்து அதே குடும்பப்பெயருடன் ஒரு பெண்ணின் பெயர் வந்தால், இடையில் அவர் இறந்திருக்கலாம் என்று கொண்டு உயில் ஏடுகளைத் திறந்து பார்க்கலாம்.

1850இல்தான் அடிமையாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் எழுதப்பட்டன. ஆனால் குடும்பத் தலைவருக்கு மற்றவர் என்ன உறவு என்பது 1880 வரை எழுதப்படவில்லை. 1850இலோ 1860இலோ 1870இலோ ஒரே வீட்டில் ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து குழந்தைகளும் இருந்தால், அந்தப் பெண் அக்குழந்தைகளின் தாய் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பிள்ளைப்பேற்றில் மனைவியர் இறப்பதும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டிக் கணவர் ஓராண்டுக்குள் மறுமணம் செய்வதும் அக்காலத்தில் வெகு இயல்பு. குழந்தைகளின் வயதில் பெரிய இடைவெளி விழுந்திருந்தால் இந்த ஐயம் வலுக்க வேண்டும். 1880ஆம் ஆண்டின் ஏடு உறவைச் சொல்வதோடு ஒவ்வொருவரின் தாயும் தந்தையும் பிறந்த மாநிலத்தையும் சொல்கிறது.

பெண்களைப் பற்றி மிகுதியாகப் பேசும் ஏடு 1900ஆம் ஆண்டினது. பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டுகள், எத்தனை குழந்தைகளைப் பெற்றார், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பவை அதில் உள்ளன. 1910ஆம் ஆண்டின் ஏட்டிலும் குழந்தைகளைப் பற்றிய இக்கேள்விகள் உண்டு. எட்டுப் பெற்று நால்வர் இருக்கிறார்கள் என்ற ஒரு வரி, குடும்பத்தில் யாரும் சொல்லாமல் விட்ட நான்கு பிறப்புகளைத் தேடச் சொல்கிறது.

கூட்டாட்சி அரசின் கணக்கெடுப்போடு நின்றுவிட வேண்டாம். சில மாநிலங்கள் தாமே இடையில் கணக்கெடுத்தன. 1855ஆம் ஆண்டின் நியூயார்க் ஏடு, அம்மாநிலத்தில் பிறந்தவர்கள் எந்தக் கவுண்டியில் பிறந்தார்கள் என்பதையே சொல்கிறது. 1925ஆம் ஆண்டின் அயோவா ஏட்டில் ஒவ்வொருவரின் பெற்றோர் பெயரும், தாயின் பிறந்தகப் பெயர் உட்பட, கேட்கப்பட்டன. 1850களில் பிறந்து அயோவாவில் முதுமை எய்திய ஒரு பாட்டி அதில் இருந்தால், ஒரே பக்கத்தில் ஒரு தலைமுறை பின்னே போய்விடலாம். 1850 முதல் 1880 வரை, கணக்கெடுப்புக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்களுக்கெனத் தனிப் பட்டியலும் எடுக்கப்பட்டது.

1890ஆம் ஆண்டின் ஏடு ஏன் கிடைப்பதில்லை?

1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயாலும், தீயணைக்கப் பாய்ச்சிய நீராலும் அது பெரிதும் பாழாயிற்று; எஞ்சியதும் 1930களில் அழிக்கப்பட்டது. துண்டுதுணுக்குகளே உள்ளன. 1880இல் சிறுமியாக இருந்தவர் 1900இல் வேறு பெயருடன் மூன்று பிள்ளைகளின் தாயாக இருப்பார் என்பதால், இந்த இழப்பு பெண்களைத் தேடுவோரைத்தான் அதிகம் பாதிக்கிறது. இடைவெளியை நிரப்பத் திருமண ஏடுகளை விட்டால் வேறு நல்ல வழியில்லை.

திருமணப் பதிவு கிடைத்துவிட்டால் பிறந்தகப் பெயர் தெரிந்துவிடும் அல்லவா?

பெரும்பாலும் தெரிந்துவிடும், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, ஏட்டில் உள்ள பெயர் முந்தைய கணவரின் பெயராக இருக்கலாம். முப்பது வயதில் மணந்த பெண் என்றால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். இரண்டாவது, பதிவு இருக்கும் இடம் நீங்கள் நினைக்கும் இடமாக இல்லாமல் போகலாம். இதற்கு நான்சியின் திருமணத்தைவிடச் சிறந்த சான்று இல்லை.

லிங்கனின் தந்தை தாமஸ் கென்டக்கியின் ஹார்டின் கவுண்டியில் வாழ்ந்தவர். ஆகவே அந்தக் கவுண்டியின் எலிசபெத்டவுன் நீதிமன்றத்தில்தான் எல்லோரும் தேடினார்கள். அங்கே அவர் 1819இல் சாரா புஷ் ஜான்ஸ்டனை மணந்த பதிவு மட்டுமே கிடைத்தது. அது மனைவியை இழந்தவரின் இரண்டாம் திருமணம். அவ்வூரைச் சேர்ந்த சாமுவேல் ஹேக்ராஃப்ட் 1860இல் லிங்கனுக்கு எழுதியபோது, சாராவே தாய் என்று எண்ணிவிட்டார். லிங்கன் அதைத் திருத்தி, தம் தாயின் பிறந்தகப் பெயர் நான்சி ஹாங்க்ஸ் என்று பதில் எழுத வேண்டியிருந்தது. முதல் திருமணத்துக்குப் பதிவே இல்லை என்பதை வைத்து, லிங்கன் முறைப்படி மணந்தவர்களின் பிள்ளை அல்லர் என்ற பேச்சும் பரவியது.

உண்மையில் திருமணம் பக்கத்துக் கவுண்டியான வாஷிங்டனில் நடந்திருந்தது. அப்பகுதியில் திருமண உரிமம் பெறுவதற்குமுன் மணமகன் ஒரு பிணைப்பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். தாமஸ் லிங்கனும் ரிச்சர்ட் பெர்ரி என்பவரும் 1806 ஜூன் 10ஆம் நாள் ஐம்பது பவுண்டுக்கு அத்தகைய பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். ஜூன் 12ஆம் நாள் மெதடிஸ்ட் போதகர் ஜெசி ஹெட் அவர்களை மணமுடித்து வைத்தார். ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து நீதிமன்றக் கட்டடத்தில் கிடந்த இந்தக் காகிதங்கள் 1878இல்தான் கண்டெடுக்கப்பட்டன. லிங்கன் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

திருமணம் பெண் வீட்டார் இருக்கும் ஊரில் நடப்பதே அங்கும் வழக்கம். மணமகனின் கவுண்டியில் பதிவு இல்லை என்றால், மணமகளின் குடும்பம் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு அதுவே பாதி விடையாகிறது. பிணைப்பத்திரத்தில் உடன் கையெழுத்திட்டவரையும் விட்டுவிடக் கூடாது. அவர் பெரும்பாலும் மணமகளின் தந்தையோ அண்ணனோ மாமனோ காப்பாளரோ ஆவார். ரிச்சர்ட் பெர்ரியின் கையெழுத்தோடு காப்பாளர் என்ற குறிப்பும் இருந்ததே, நான்சியின் தந்தை அப்போது உடனில்லை என்பதற்கு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட முதல் தடயம்.

கவுண்டி எல்லைகள் மாறியதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

ஆம். குடும்பம் இடம்பெயராமலே மூன்று கவுண்டிகளில் வாழ்ந்திருக்கலாம். மக்கள் பெருகப் பெருகப் பழைய கவுண்டிகள் பிரிக்கப்பட்டன; பழைய ஏடுகள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிட்டன. நான்சி இறந்த ஸ்பென்சர் கவுண்டிகூட அந்த 1818இல்தான் உருவானது. தேடும் ஆண்டில் எல்லை எங்கே ஓடியது என்பதைக் காட்டும் வரைபடத்தை முதலில் பாருங்கள். நீதிமன்றம் தீப்பிடித்து ஏடுகள் அழிந்த கவுண்டிகளும் உண்டு. அங்கும் நிலப் பத்திரங்களை உரியவர்கள் மறுபடி கொண்டுவந்து பதிந்திருப்பார்கள்.

நிலப் பத்திரங்களிலும் உயில்களிலும் பெண்கள் வருவார்களா?

நாட்டுப்புறப் பெண்ணைப் பொறுத்தவரை இவைதான் மிகச் செழிப்பான ஏடுகள் என்பது எங்கள் கருத்து. பெயர்ப் பட்டியலில் அவர்கள் இல்லை என்பதால் பலர் இவற்றைத் திறப்பதே இல்லை.

கணவர் இறந்தால் அவருடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் உரிமை மனைவிக்குப் பொதுச் சட்டத்தில் உண்டு. எனவே கணவர் உயிரோடிருக்கும்போதே நிலத்தை விற்றால், வாங்குபவர் பின்னால் வில்லங்கம் வரக் கூடாது என்பதற்காக மனைவியும் தம் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்பார். அதிகாரி கணவரை வெளியே நிறுத்திவிட்டு, வற்புறுத்தல் ஏதுமில்லையே என்று மனைவியைத் தனியே விசாரித்துப் பதிவது பல மாநிலங்களில் முறை. இதனால் கணவரின் ஒவ்வொரு விற்பனைப் பத்திரமும், அந்த நாளில் அவருக்கு எந்த மனைவி இருந்தார் என்பதற்குச் சான்றாகிறது. தாமஸ் லிங்கன் நிலம் விற்ற பத்திரம் ஒன்றில் நான்சி கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் குறி இட்டிருக்கிறார். ஒரு பத்திரத்தில் மேரியும் இரண்டாண்டு கழித்து இன்னொன்றில் எலிசபெத்தும் வந்தால், இரண்டாம் திருமணத்தை அந்த இடைவெளியில் தேடலாம்.

அப்பெண்ணின் தந்தை நிலம் விட்டுச் சென்றிருந்தால் இன்னும் நல்லது. உயிலில் மகள்கள் மணமான பெயரோடு குறிக்கப்படுவது உண்டு. உயிலின்றி இறந்தால் வாரிசுகள் அனைவரையும் வரிசைப்படுத்திப் பாகப்பிரிவினை வழக்கு நடக்கும். மேற்கே நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் குடியேறிவிட்ட மகளும் மருமகனும்கூட அதில் பெயர் சொல்லி அழைக்கப்படுவார்கள். தந்தையை இழந்த சிறு பிள்ளைகளுக்கு, தாய் உயிரோடிருக்கும்போதே, நீதிமன்றம் ஓர் ஆணைக் காப்பாளராக நியமிப்பது அக்கால வழக்கம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; காப்பாளர் பத்திரத்தைக் கண்டதும் தாயும் இறந்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள்.

பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒருவரே என்று கொள்வது இந்த ஏடுகளில் நிகழும் பெரிய ஆபத்து. கென்டக்கியின் நெல்சன் கவுண்டியில் ஜோசப் ஹாங்க்ஸ் என்பவர் 1793இல் எழுதிய உயிலில் நான்சி என்ற மகளுக்குப் பசுங்கன்று ஒன்றை விட்டுச் சென்றார். 1899இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த நான்சியே லிங்கனின் தாய் என்று உறுதியாகச் சொன்னது, பலர் ஏற்றுக்கொண்டார்கள். அவர் லிங்கனின் தாயின் சித்தியோ பெரியம்மாவோ ஆக வேண்டும் என்பதைப் பின்வந்த சான்றுகள் காட்டின. ஒரே பெயரைச் சித்திக்கும் அக்காள் மகளுக்கும் இடுவது அக்குடும்பங்களில் சர்வ சாதாரணம்.

பெண் தம் சொந்தப் பெயரில் நிலம் பெற்றிருக்க முடியுமா?

முடியும். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், இருபத்தொரு வயது நிறைந்தவருக்கோ குடும்பத் தலைவருக்கோ 160 ஏக்கர் பொதுநிலத்தை, ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் சொந்தமாகத் தந்தது. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் மணமுறிவு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். கணவரோடு வாழும் பெண் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது. நெப்ராஸ்கா, டகோட்டா, கேன்சஸ் போன்ற பகுதிகளில் தனித்த பெண்கள் பலர் இவ்வாறு நிலம் பெற்றார்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டாவின் படத்தோடு நின்றுவிடாமல், வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து முழுக் கோப்பைக் கேட்டுப் பெறுங்கள். வீடு எத்தனை அடி, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழப்பட்டது, நடுவில் எத்தனை மாதம் வெளியே போயிருந்தார் என்று விண்ணப்பித்தவரும் இரண்டு சாட்சிகளும் சொன்னவை அதில் இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவராயின் குடியுரிமைக் காகிதமும் சேர்ந்திருக்கும்.

கணவரோ மகனோ போரில் பணியாற்றியிருந்தால் பயனுண்டா?

மிகுந்த பயன் உண்டு. 1862 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் ஒன்றியப் படையில் இறந்த சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது. மகனை நம்பி வாழ்ந்த தாய்க்கும் உரிமை இருந்தது. பணம் பெற வேண்டுமென்றால் திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டும். பதிவேடு இல்லாத நாட்டுப்புறத்தில், திருமணத்தைப் பார்த்த அயலார், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி, உடன்பிறந்தார் ஆகியோர் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தார்கள். சிலர் வேதாகமப் பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். அப்பக்கங்கள் இன்றும் கோப்புகளில் இருக்கின்றன. மறுக்கப்பட்ட விண்ணப்பங்களைத் தள்ளிவிடாதீர்கள். ஐயத்துக்குரியவை என்று சிறப்பு ஆய்வாளரை அனுப்பி விசாரித்தவையே பெரும்பாலும் தடித்த கோப்புகள். கைம்பெண் மறுமணம் செய்தால் ஓய்வூதியம் நின்றுபோகும் என்பதால், அவருடைய மணவாழ்க்கை முழுதும் அதில் அலசப்பட்டிருக்கும். 1898இல் ஓய்வூதியத் துறை உயிரோடிருந்த முன்னாள் படைவீரர்களுக்கு அனுப்பிய படிவத்தில் மனைவியின் பிறந்தகப் பெயரும் மணந்த இடமும் நாளும் கேட்கப்பட்டன.

தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படையில் இருந்தவர்களுக்குக் கூட்டாட்சி அரசு ஓய்வூதியம் தரவில்லை. பின்னாளில் தென் மாநிலங்கள் தாமே தந்தன. விண்ணப்பித்தபோது அப்பெண் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாரோ அங்கே தேட வேண்டும்.

அடிமைப்படுத்தப்பட்டிருந்த பெண்ணின் வரலாற்றைத் தேட முடியுமா?

முடியும், ஆனால் மேலே சொன்னவற்றில் பல அங்கே செல்லாது. 1860இல் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். 1850, 1860 ஆண்டுகளின் தனிப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும் மட்டும் எழுதப்பட்டன. பெயர்கள் மிக அரிது. எனவே 1870ஆம் ஆண்டின் ஏடே பெரும்பாலோர் பெயரோடு தோன்றும் முதல் கணக்கெடுப்பு. அதற்கும் போருக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளின் காகிதங்கள்தான் பாலமாகின்றன.

1865இல் அமைக்கப்பட்ட விடுதலை பெற்றோர் வாரியம் திருமணங்களையும் வேலை ஒப்பந்தங்களையும் பதிந்தது. 1866இல் வர்ஜீனியாவும் வட கரோலினாவும், அடிமைக் காலத்தில் சட்டம் ஏற்காத இணைவாழ்வுகளைத் திருமணமாக ஏற்றுப் பதிவேடுகள் திறந்தன. 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியில் கணக்குத் தொடங்கியவர்களிடம் பெற்றோர், உடன்பிறந்தார், கணவர், பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களையும், சில கிளைகளில் முன்னாள் உரிமையாளரின் பெயரையும் கேட்டு எழுதினார்கள். விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயையும் மகளையும் தேடிக் கறுப்பினச் செய்தித்தாள்களில் வந்த விளம்பரங்கள், அந்த உறவுகளைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே எழுத்தாகச் சில வேளைகளில் அமைகின்றன.

அதற்கும் முந்திப் போக உரிமையாளர் குடும்பத்தின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் படிக்க வேண்டியிருக்கும். அங்கே ஒரு பெண்ணின் பெயர் கால்நடைகளுக்கும் கலப்பைகளுக்கும் நடுவே விலையோடு வரும். படிப்பதற்குக் கொடுமையானது என்றாலும், தாயின் பெயரும் குழந்தையின் பெயரும் சேர்ந்து வருவது அநேகமாக அங்கேதான். விடுதலை பெற்றவர்கள் கடைசி உரிமையாளரின் குடும்பப்பெயரையே ஏற்றார்கள் என்று கொண்டு தேடுவது பல நேரம் தவறான வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். வேறு பெயரைத் தேர்ந்தவர்கள் மிகப் பலர்.

வெளிநாட்டிலிருந்து குடியேறிய பெண்ணாக இருந்தால்?

1820 முதல் கப்பல் பயணிகள் பட்டியல்கள் உண்டு. குடியுரிமைக் காகிதங்களில் பெண்களை எதிர்பார்க்க வேண்டாம்: 1855 முதல் 1922 வரை மணமான பெண் பொதுவாகக் கணவரின் குடியுரிமையையே பெற்றார். ஆகவே கணவரின் காகிதத்தைத் தேடுங்கள். ஜெர்மன் லூத்தரன் தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவு பிறந்த கிராமத்தைச் சொல்வதுண்டு. அது கிடைத்தால்தான் கடலுக்கு அப்பால் தேட முடியும். பிரெஞ்சுச் சட்ட மரபு நிலைத்த லூசியானாவில் மணமான பெண்களும் ஆவணங்களில் பிறந்தகப் பெயரோடே வருவதால், அங்கே தேடுவோருக்கு வேலை பெருமளவு குறைகிறது.

தேவாலய ஏடுகள், கல்லறைகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

எந்தச் சபை என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் பெண்களுக்கெனத் தனி மாதக் கூட்டம் நடத்திக் குறிப்பெழுதியவர்கள். ஒரு பெண் வேறு ஊருக்குப் பெயர்ந்தால் அந்த ஊர்க் கூட்டத்துக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். சபைக்கு வெளியே மணந்தால் விலக்கினார்கள், விலக்கியதையும் எழுதினார்கள். பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் ஏடுகள் மெலிந்தவை. அவை குழந்தைகளின் பிறப்பைவிடச் சபையில் சேர்ந்த நாளையே பேசும்.

கல்லறைக் கல்லில் உள்ள பிறந்த நாளை ஒரு குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள். கல்லைப் பிள்ளைகள் இருபது ஆண்டு கழித்தும் நட்டிருக்கலாம். கல்லை விட அதற்குப் பக்கத்தில் யார் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது பயன் தரும். உள்ளூர்ச் செய்தித்தாள்கள் மணமான பெண்ணைக் கணவரின் பெயராலேயே குறித்தன என்பதால், தேடுபெட்டியில் கணவரின் பெயரை இட்டுத் தேட வேண்டும். அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்ற ஒற்றை வரி பிறந்தகத்தைக் காட்டிக்கொடுக்கும்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க இலங்கை மிஷனுக்கு வந்த பெண்களின் தேடல் இவ்வளவு கடினமானதன்று. கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் லாத்ராப் குடும்பத்தில் பிறந்து, மைரன் வின்ஸ்லோவை மணந்து, உடுவிலில் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோவைப் போன்றவர்கள் கடிதங்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அவர்களை அனுப்பிய சபையின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன.

மரபணுச் சோதனை இவ்வளவு உழைப்பையும் தேவையற்றதாக ஆக்கிவிடாதா?

ஆக்காது. மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகிறது. அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவர்கள் மகள்கள் மட்டுமே. எனவே ஒரு பெண்ணின் தாய்வழியைச் சோதிக்க, இடையில் ஓர் ஆண்கூடக் குறுக்கிடாத பெண்வழிச் சந்ததி ஒன்று இன்று உயிரோடு இருக்க வேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடிப்பதற்கே காகிதங்கள் வேண்டும்.

நான்சியின் ஒரே மகள் சாரா 1828இல் பிள்ளைப்பேற்றில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. ஆகவே நான்சிக்கு நேரடிப் பெண்வழி இல்லை. ஆய்வாளர்கள் லூசி ஹாங்க்ஸ் என்பவரின் பக்கம் திரும்பினார்கள். லிங்கன் தம் வழக்கறிஞர் தொழிற்பங்காளி ஹெர்ன்டனிடம், தம் தாய் லூசிக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்தவர் என்று சொன்னதாக ஹெர்ன்டன் எழுதியிருந்தார். பலரால் அதை ஏற்க முடியவில்லை. லூசி பின்னர் கென்டக்கியின் மெர்சர் கவுண்டியில் ஹென்ரி ஸ்பாரோவை மணந்தார். 1790இல் உரிமம் பெற, தாம் வயது நிறைந்தவர் என்றும் தாமே மனமுவந்து இசைகிறேன் என்றும் அவர் எழுதிக்கொடுத்த சீட்டு எஞ்சியிருக்கிறது. லூசியின் பிற மகள்களின் பெண்வழியையும், லூசியின் சகோதரிகளின் பெண்வழியையும் காகிதங்கள் மூலம் இன்றைய மனிதர்கள் வரை இறக்கிவந்து சோதித்தபோது, அவர்கள் அனைவரும் X1c என்ற அரிய பிரிவில் ஒன்றுபட்டார்கள். 2015இல் வெளியான இந்த முடிவு, லூசி ஜோசப் ஹாங்க்ஸ், ஆன் லீ ஆகியோரின் மகள் என்பதை உறுதிப்படுத்தி, ஹெர்ன்டன் எழுதியதற்கும் வலு சேர்த்தது. நான்சியின் தந்தை யார் என்பதை இச்சோதனையால் சொல்ல இயலாது.

எல்லா முன்னோர் வழிகளையும் காட்டும் பொதுவான சோதனைகளில், பாட்டியின் பாட்டியிடமிருந்து வருவது சராசரியாக 6.25 விழுக்காடு. அதற்குமேல் ஒவ்வொரு தலைமுறைக்கும் இது பாதியாகக் குறையும் என்பதால், 1800க்கு முன் பிறந்தவர்களுக்கு இச்சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்.

இணையத்தில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும் குடும்ப மரங்களை எடுத்துக்கொள்ளலாமா?

எங்கே தேடலாம் என்பதற்கான துப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே தகவல் நாற்பது மரங்களில் இருந்தால் சான்று நாற்பது மடங்கு ஆகிவிடாது. முப்பத்தொன்பது பேர் ஒருவரிடமிருந்து படியெடுத்திருக்கலாம். பத்து வயதில் பிள்ளை பெற்றதாகவும், இறந்த பிறகு மணந்ததாகவும் காட்டும் மரங்கள் நாள்தோறும் கண்ணில் படுகின்றன.

அமெரிக்காவுக்குப் போகாமல் இவற்றைப் பார்க்க முடியுமா?

பெரும்பகுதியைப் பார்க்கலாம். மார்மன் சபை எனப்படும் பிற்காலத் தூயோர் சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் தளம் இலவசம்; கணக்கெடுப்புகளோடு, கவுண்டிகளின் பத்திர ஏடுகளும் உயில் ஏடுகளும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. பெயர்ப்பட்டியல் இன்னும் தயாராகாத ஏடுகளை நூலைப் புரட்டுவது போலப் பக்கவாரியாகப் பார்க்க வேண்டும். கூட்டாட்சி நிலப் பட்டாக்களை நில மேலாண்மை வாரியத்தின் தளத்திலும், பழைய செய்தித்தாள்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்திலும் கட்டணமின்றிக் காணலாம். 72 ஆண்டு காத்திருப்பு விதியின்படி 1950ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு 2022இல் திறக்கப்பட்டுவிட்டதால், 1870களில் பிறந்த பெண்ணின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அதுவரை பின்தொடரலாம். ஓய்வூதியக் கோப்புகளிலும் ஹோம்ஸ்டெட் கோப்புகளிலும் பெரும்பாலானவை இன்னும் இணையத்துக்கு வரவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கட்டணம் செலுத்திப் படி கேட்க வேண்டும். விண்ணப்பத்தில் கணவரின் முழுப்பெயர், படைப்பிரிவு, மாநிலம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தெரிந்தெடுத்த பக்கங்களாக அல்லாமல் முழுக் கோப்பையும் வேண்டும் என்று எழுதுங்கள்; அயலார் கொடுத்த வாக்குமூலங்கள் அதில்தான் இருக்கும்.